ஊசி ரூமும் ஒரு மாப்பிள்ளைக் கோபமும்

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் ஒருத்தி. சண்டை முடிந்து பட்டாளங்கள் கலைந்ததும், பெங்களூரில் பட்டாளம் தங்கும் தண்டுப் பகுதியில் பெண்கள் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த எங்கள் ஊசி ரூமையும் மூடிவிட்டார்கள். வேறு வார்டில் இடம் தருகிறோம் என்றார்கள். கால் வீக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். களைப்பு என்று எழுதினால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது லிங்கராஜபுரத்தில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் இரண்டு மூன்று இளம் நர்ஸுகள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பெனிசிலின் போடுகிறவர்கள். நாங்கள் மாதக்கணக்கில் போராடிய மேக வியாதியைச் சில நாள் ஊசியில் அடக்கிவிடுகிறார்கள்.

"அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். அந்தக் காலம் என்று அவர்கள் சொல்வது போன வருடத்துக்கு முந்தின வருடத்தை.

"அந்த ரூமுக்கு நீங்களா கேட்டுப் போனீங்களாமே? கூசலையா?"

கூசியது. ஆனாலும் நானாகத்தான் போனேன். அதைச் சொல்கிறேன்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மெட்ரிக் முடித்ததும் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. நான் நர்ஸ் படிப்புக்கு ஓடினேன். அப்போதெல்லாம் எனக்கு நடக்கத் தெரியாது, ஓட்டம்தான். மதராஸ் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பெட்பேன் கழுவினேன், பிரார்த்தனையில் தூங்கினேன், பரீட்சையில் தேறினேன். அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

பெங்களூருக்குத் திரும்பியதும் பிரசவ வார்டில் போட்டார்கள். இறந்து பிறக்கிற பிள்ளைகளைத் துணியில் சுற்றுவது புதுசாக வந்தவளுடைய வேலை. சுற்றுவேன். சுற்றிவிட்டு, ஏன் இறந்தது என்று டாக்டர்களைக் கேட்டு நச்சரிப்பேன். ஒருநாள் பெரிய டாக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அவ்வளவு தெரிஞ்சுக்கணும்னா பின்கட்டுக்குப் போய் கமலாபாயைக் கேளு" என்றார். மறுநாளே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன். கூட இருந்த நர்ஸுகள் என் சாப்பாட்டுத் தட்டைத் தனியாக வைத்தார்கள். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவ்வளவு ஆர்வம்.

டாக்டர் கமலாபாய் மைசூர்க்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். "நோடு சிஸ்டர்" என்று கன்னடத்தில் 'பாரு' சொல்லி ஆரம்பித்தால் திட்டு வருகிறது என்று அர்த்தம். தச்சனைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியின் கால்களைக் குட்டையாக அறுக்கச் சொன்னவர் அவர். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தைவிட டாக்டரின் முகம் கீழே இருக்க வேண்டுமாம். தலை குனிந்துகொண்டு பேசுகிறவளுடைய கண்ணை அப்போதுதான் பார்க்க முடியும் என்பார்.

"யாரிடமிருந்து வந்தது?" என்று அவர் எந்தப் பெண்ணையும் கேட்டதில்லை. "வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்பார். அவ்வளவுதான். பதிலைக் கேட்டுக்கொள்வார், புருவம்கூட அசையாது. இன்னொரு கண்டிப்பும் உண்டு. வியாதி இன்னதென்று அந்தப் பெண்ணிடம் சொல்லலாம். அவள் சம்மதித்தால் புருஷனிடம் சொல்லலாம். அம்மா, மாமியார், சாமியார், ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது.

எங்கள் ரூமைப் பற்றி ஊருக்கு ஒரு நினைப்பு இருந்தது. பஜார் பெண்கள் வருகிற இடம் என்று. வந்தார்கள், ஒன்றிரண்டு பேர். அவர்கள்தான் சொன்ன நாளில் தவறாமல் வந்தவர்கள். மற்றபடி பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தில் தாலியோடு வந்த பெண்கள். வாசற்படி தாண்டாதவர்கள். வியாதிதான் வாசற்படி தாண்டி அவர்களிடம் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஊசி நாள். கண்ணாடி ஊசிக்குழாயைக் கொதிக்க வைப்பது, மூத்திரத்தைச் சுட வைத்து வெளுக்கிறதா என்று பார்ப்பது, இவை முதலில். வெளுத்தால் அன்று ஊசி கிடையாது. மருந்து மஞ்சள் தூளாகச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். குப்பியை ஸ்பிரிட்டில் முக்கி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூள் நிறம் மாறியிருந்தால் தூக்கி எறிய வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் கரைக்கும்போது குலுக்கக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துகள் எதுவும் இல்லை என்று டாக்டரம்மா தலையசைத்த பிறகுதான் புஜத்தில் ரப்பர் குழாயைக் கட்டுவோம். முழங்கை மடிப்பில் நரம்பு எழும்பும். அதில் மிக மெதுவாக ஏற்ற வேண்டும். ஒரு சொட்டு நரம்புக்கு வெளியே போனாலும் கை வெந்துவிடும். பாதி மருந்து போனதும் டாக்டரம்மா கேட்பார்: "வாயில பூண்டு வாசனை வருதா?" வருகிறது என்று தலையசைப்பார்கள். மருந்து உள்ளே போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம். ஒரு வாரம் இது என்றால் இன்னொரு வாரம் இடுப்பில் பிஸ்மத் ஊசி. அது இறங்குகிற வலியில் நொண்டிக்கொண்டு போவார்கள்.

இதெல்லாம் கைக்கு வந்துவிடும். வராதது அதற்குப் பிறகு சொல்ல வேண்டிய பேச்சு. புண் ஆறிவிட்டது என்று நின்றுவிடாதே, புண் தானாக ஆறும், வியாதி ஆறாது. வீட்டுக்காரரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் ரத்தம் சுத்தம் என்று தெரிகிற வரைக்கும் சேரக் கூடாது. முடியாது என்றால் உறை இல்லாமல் சேரக் கூடாது.

உறை என்றதும் முகத்தைச் சுளிப்பார்கள். தண்டில் அது என்னவென்று தெரியாதவர்கள் கிடையாது. பட்டாளத்தில் சிப்பாய்களை வரிசையாக உட்கார வைத்து, பஜாருக்குப் போகிறவன் இதை எடுத்துக்கொண்டு போ என்று லெக்சர் கொடுத்துக் கையில் கொடுப்பார்கள். தடித்த ரப்பர். கழுவிக் காய வைத்து, பவுடர் போட்டு வைத்துக்கொள்வது. நல்ல காரியம்தான். ஆனால் அதனாலேயே அது பஜாருக்கு உரிய சாமானாகிவிட்டது. கட்டின பெண்டாட்டியிடம் அதை நீட்டுவது அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி.

பாக்கியம் வந்தது அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை. அல்சூர் லைன் வீட்டுக்காரி, இருபத்திரண்டு வயது இருக்கும். புருஷன் துரைசாமி ஆபீசர்கள் மெஸ்ஸில் சமையல்காரன். முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. இரண்டாவது பிறந்து, உள்ளங்கை உள்ளங்காலெல்லாம் தோல் உரிந்து, சில நாளில் போய்விட்டது. இப்போது மூன்றாவது; நாலாம் மாதம். பிரசவ வார்டிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

டாக்டரம்மா குட்டை நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். பாக்கியம் நம்பவில்லை.

"எனக்கா? நான் தண்ணிக் குழாய்க்குப் போறதோட சரிங்க. சினிமாக்கூட அவருகூடத்தான் போவேன்."

"நீ எங்கயும் போகல. அது எனக்குத் தெரியும்."

பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். "இதுவாச்சும் தங்குமா?"

"ஊசியை விடாம போட்டுக்கிட்டா தங்கறதுக்கு நிறைய வழி இருக்கு. நடுவுல மறுபடியும் வியாதி உள்ளே வரக்கூடாது. வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா."

அவன் வரவில்லை. ஆண்களுக்கான இடம் பட்டாள ஆஸ்பத்திரியோடு ஒட்டி இருந்தது. மெஸ் சமையல்காரன் அங்கே நுழைவதை யாராவது பார்த்தால் மறுநாளே அடுப்படியை விட்டு வெளியேற்றிவிடுவார்கள். தொட்ட சாப்பாட்டில் இது பரவாது என்று எந்த ஆபீசரிடம் போய்ச் சொல்வது? எங்கள் ரூமுக்கோ ஆண்கள் வரக் கூடாது. பார்வை நேரத்தில், உள்ளே இருக்கிற மனைவிக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்களை மட்டும் விடுவார்கள்.

"அப்ப சாப்பாடு கொண்டு வரட்டுமே!" என்றேன்.

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நோடு சிஸ்டர்" என்றார். திட்டு வரவில்லை. "ஸ்வல்ப புத்தி இருக்கு உனக்கு" என்றார்.

அடுத்த வாரம் துரைசாமி டிபன் காரியரோடு வந்தான். ஒல்லியாக, வெள்ளைச் சட்டையின் கை மடிப்பைக்கூட இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். துணி அடுக்கும் அறையில் வைத்து ஊசி போட்டோம். காலிக் காரியரைத் தூக்கி வர அவன் சமையல்காரப் பெருமை இடம் தரவில்லை; நிஜமாகவே மட்டன் கட்லெட் இருந்தது. நாங்கள்தான் சாப்பிட்டோம்.

இருவரையும் ஒன்றாக வைத்து டாக்டரம்மா உறையைப் பற்றிப் பேசினார். அவன் தரையைப் பார்த்தான்.

"அது பஜாருக்குப் போறவனுக்குக் குடுக்கறதுங்க. இவகிட்டப் போய் எப்படிங்க? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுங்களே."

"அந்தக் கருமத்த வீட்டுக்குள்ள கொண்டாந்தா அடுப்புல போட்டுருவேன்" என்றாள் பாக்கியம்.

"நோடப்பா துரைசாமி. பஜாருக்குப் போனப்ப அதைக் கொண்டு போனியா?"

அவன் சட்டைக் கை மடிப்பை நீவிக்கொண்டான்.

"கொண்டு போகவேண்டிய இடத்துக்குக் கொண்டு போகல. இப்ப இங்க உட்கார்ந்து மரியாதை பேசறே. சரி, அது பேடா, வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஊசி முடியற வரைக்கும் நீ வேற இடத்துல படுத்துக்கோ. பிள்ளை வேணுமா வேணாமா, சொல்லு."

"வேணுங்க."

மெஸ்ஸிலேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். முடியவில்லை. லைன் வீட்டில் பத்துக் குடும்பம். கர்ப்பிணிப் பெண்டாட்டியை விட்டுவிட்டு இவன் எங்கே போய்ப் படுக்கிறான் என்று குழாயடியில் பேச்சு எழும்பிவிட்டது. திரும்பி வந்துவிட்டான். ஒரே அறை.

"தலைவலின்னு எத்தன நாளைக்கு சிஸ்டர் சொல்றது?" என்றாள் பாக்கியம், கையை நீட்டிக்கொண்டே. "எம்பேர்ல அவருக்குக் கோவம் வருது. அவருபேர்ல எனக்கு வருது. ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

ஏழாம் மாதம் நெருங்கியது. அடுத்த சங்கடம் அதில்தான் வந்தது. வளைகாப்பு முடித்துக் கூட்டிக்கொண்டு போக பாக்கியத்தின் அம்மா மங்கம்மா கோலார் தங்கவயலிலிருந்து வரப்போகிறாள் என்று செய்தி. இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தது பெங்களூர் வீட்டில். இந்த முறை பிரசவம் தன் வீட்டில்தான் என்று அந்தம்மா பிடிவாதமாக இருந்தாள்.

போனால் புருஷனிடமிருந்து விலகி இருக்கலாம், ஆனால் ஊசி நின்றுவிடும். இருந்தால் ஊசி கிடைக்கும், ஆனால் அதே ஒற்றை அறை. சுரங்கத்து ஆஸ்பத்திரியில் ஊசிக்கு ஏற்பாடு செய்யலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "எங்கப்பா வேலை செய்யற எடம் சிஸ்டர். காலையில ஊசி போட்டா சாயங்காலம் ஊரே பேசும்" என்றாள் பாக்கியம்.

"அவங்கம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, டாக்டர்? பெத்தவங்க, புரிஞ்சுக்குவாங்க."

"பாக்கியம் சொல்லச் சொன்னாளா?"

"இல்ல."

"அப்ப வாயை மூடு, சிஸ்டர். இன்னிக்கு அம்மாவுக்குச் சொல்லுவே. நாளைக்கு அம்மா அப்பாவுக்குச் சொல்லுவா. அப்பறம் இந்தப் பெஞ்சுல ஒருத்தி உட்காருவாளா?"

எனக்கு அது அன்று புரியவில்லை. ஒரு பிள்ளையின் உயிரைவிட ரகசியம் பெரிதா என்று சைக்கிளில் வீடு போகும் வழியெல்லாம் டாக்டரம்மாவைத் திட்டிக்கொண்டு போனேன். அடுத்த ஊசிக்குத் துரைசாமி வந்தபோது ஒன்று மட்டும் சொன்னேன். "அனுப்பறதும் அனுப்பாததும் உங்க கையில இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் அனுப்பி வெச்சாத்தானே கூட்டிக்கிட்டுப் போக முடியும்?" அவன் காரியரை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

வளைகாப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அல்சூர் போனேன். சின்ன வீடு, வாசலில் பந்தல், கலந்த சாத வாசனை. மங்கம்மா கட்டை குட்டையான மனுஷி, குரல் மட்டும் சுரங்கத்துச் சங்கு. பாக்கியத்தின் இரண்டு கையிலும் வளையல் ஏறிக்கொண்டே இருந்தது. முழங்கை மடிப்பில் ஊசித் தழும்பும் நீலமும் தெரிந்தன.

"இதென்னடி கை இப்படி கன்னிப் போயிருக்கு?"

"சத்து ஊசிம்மா."

"கோலாருக்கு வா, ஆட்டுக்கால் சூப்புல சத்து ஏத்தறேன். ஊசியாம் ஊசி."

சாப்பாடு பாதியில் இருந்தபோது மங்கம்மா மூட்டையைக் கட்டி வாசலில் வைத்தாள். சாயங்கால ரயிலுக்குப் புறப்பாடு. அப்போதுதான் துரைசாமி எழுந்து நின்றான்.

"அத்தை, அவள அனுப்ப முடியாது."

பந்தியில் கைகள் நின்றன.

"ஏன் மாப்ள?"

"எங்கண்ணன எப்படி அழைச்சீங்க? நேர்ல வந்து வெத்தல பாக்கு வெச்சு அழைச்சீங்களா? ஜோலார்பேட்டை பக்கம் போற ஆளுகிட்ட வாய்வார்த்தையா சொல்லி அனுப்பியிருக்கீங்க. அப்பா அம்மா இல்லாத குடும்பம்னு எளக்காரமா?"

அண்ணன் அங்கேயே மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் வேலை, பெரிய மீசை. வாயில் தயிர் சாதம். "எனக்கென்னடா கோவம்? நான்தான் வந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேனே" என்றார்.

"நீ சும்மா இருண்ணே. உனக்கு ரோஷம் இல்ல. எனக்கு இருக்கு."

ஒருவரும் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பக்கத்து இலைக்காரர், "அதுவும் நியாயம்தானே, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். இன்னொருத்தி, "மாப்பிள்ளைங்களுக்கு இதே பொழப்பு" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். வெற்றிலை பாக்கு வைக்கவில்லை என்று மாப்பிள்ளை முறுக்கிக்கொள்வது எத்தனை கல்யாணத்தில் பார்த்தது! அதற்கு யாராவது காரணம் கேட்பார்களா?

மங்கம்மா அவன் முன்னால் போய் நின்றாள். "தப்புதான் மாப்ள. கால்ல வேணா விழறேன். ரெண்டு புள்ளைய இந்த வீட்டுல பொதைச்சாச்சு. மூணாவதையும் வெத்தலைக்காகப் பொதைக்கணுமா?"

அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "அனுப்ப முடியாதுன்னா முடியாது" என்றான்.

பாக்கியம் வளையல் கையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். இது ஊசிக்காக என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மங்கம்மா என் பக்கம் திரும்பினாள். "நர்சம்மா, படிச்சவ நீ. நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லேன்."

என் வாயில் எலுமிச்சை சாதம் இருந்தது. மென்றேன். விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தேன்.

"நல்லா இருங்க எல்லாரும்!" என்று மங்கம்மா மூட்டையைத் திரும்ப உள்ளே தூக்கிப் போட்டாள். "அப்ப நானும் போகல. பேறுகாலம் முடியற வரைக்கும் இங்கதான் இருப்பேன். எம் பொண்ண இந்த ஆளுகிட்டத் தனியா விடமாட்டேன்."

துரைசாமி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அன்றிலிருந்து மெஸ்ஸில்தான் படுக்கை. குழாயடியில் இப்போது கேள்வியே இல்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போயிருக்கிறான், மாமியார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், வேறென்ன?

அடுத்த செவ்வாய்க்கிழமை பாக்கியம் தாயோடு வந்தாள். முன்கை முழுக்கக் கண்ணாடி வளையல். கழற்றக் கூடாது. அத்தனையையும் மணிக்கட்டுப் பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நரம்பு தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் வளையல் எனாமல் தட்டில் கிணுகிணுத்தது. மங்கம்மா கதவோரம் நின்று பார்த்தாள்.

"என்ன ஊசிம்மா இது?"

"ரத்தத்துக்கு" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு பிள்ளை தங்காததுக்கு ரத்தம்தான் காரணம்."

பொய் இல்லை.

"இவ ரத்தமா? எங்க வம்சத்துல யாருக்கும் அப்படி இல்லியே. இவளுக்கு மட்டும் எங்கேருந்துடி வந்துது கெட்ட ரத்தம்?"

பாக்கியம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "வாயில பூண்டு வாசனை வருதா?" என்று டாக்டரம்மா கேட்டார். வருகிறது என்று தலையசைத்தாள். சொல்லி விடு, சொல்லி விடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது. சொல்ல வேண்டியவள் நான் இல்லை. அவள் சொல்லவில்லை.

ஒரு தடவை தாழ்வாரத்தில் துரைசாமியும் மங்கம்மாவும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். அவன் கையில் காரியர். அவள் அதைப் பிடுங்கித் திறந்து பார்த்தாள்.

"கட்லெட்டா! பொண்டாட்டிய சோத்தைக் காட்டி சமாதானம் பண்ண வந்தீங்களா? முதல்ல உங்க ரோஷத்த வேகவெச்சுத் தின்னுங்க."

காரியரை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து ஊசிக்குச் சட்டைக் கையை மடித்தான்.

பிரசவம் ஒரு காலை நேரத்தில். நான் பின்கட்டைப் பூட்டிவிட்டு வார்டுக்கு ஓடினேன். பழைய வேலை ஞாபகத்தில் கை தானாகவே துணியைத் தேடியது. பெண் குழந்தை. வந்ததும் அழவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் போதும், ஒருத்திக்கு வயதாவதற்கு. பிறகு வீறிட்டது.

"சிஸ்டர், உள்ளங்கால் நோடு" என்றார் டாக்டரம்மா.

பார்த்தேன். உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஓரம், மூக்கு. தோல் வழுவழு என்று இருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். அதற்கும் ஒரு கத்தல். மாதங்கள் கழித்து மறுபடி பார்த்தபோதும் குழந்தையின் ரத்தம் சுத்தமாகவே இருந்தது.

பேர் வைக்கிற அன்று துரைசாமி வாசலில் நின்றதாகக் கேள்வி. மங்கம்மா உள்ளே கூப்பிடவில்லை. அண்ணன்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாராம்.

நான் உருகிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "எவ்வளவு பெரிய தியாகம், டாக்டர்! கெட்ட பேரைத் தானே ஏத்துக்கிட்டாரே."

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "எது தியாகம்? ரோஷக்காரன்னு பேர் வாங்கறது லேசு, சிஸ்டர். வியாதிக்காரன்னு பேர் வாங்கறதுதான் கஷ்டம். அதை அவ தலையில விட்டுட்டு, லேசானதை இவன் எடுத்துக்கிட்டான். பரவாயில்ல. பிள்ளை இருக்கு, ஆயித்து, அது போதும்."

அதுதான் அவர் சொன்ன அதிகபட்சப் பாராட்டு.

எல்லாம் அப்படி முடிந்திருந்தால் நான் இன்னும் வேலையில் இருந்திருப்பேன். புண் ஆறியதும் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர். மாதக்கணக்கில் வந்து, கை வெந்து, இடுப்பு நொந்து, ரத்தம் சுத்தமாகிச் சிரித்துக்கொண்டு வீடு போய், புருஷன் லீவில் வந்து போன பிறகு அதே பெஞ்சில் மறுபடி வந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர். அதே கட்டில், அதே கை, அதே நரம்பு. சிப்பாய்களுக்குக் கையில் கொடுக்க உறை இருந்தது, லெக்சர் இருந்தது. பெண்கள் கையில் கொடுக்க எங்களிடம் ஒன்றுமே இல்லை. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம்கூட இல்லை. என் கால் வீக்கம் அங்கே ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெனிசிலின் நல்ல மருந்து. இந்தப் பெண்கள் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வியாதி சீக்கிரம் போகும். திரும்பி வருகிற வழியை அந்த ஊசி அடைக்குமா என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் மங்கம்மா வந்தாள், லிங்கராஜபுரம் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து. இடுப்பில் பேத்தி, ஒரு கையில் மாம்பழம். குழந்தை இறங்கி என் கோழிகளைத் துரத்த ஓடிவிட்டது.

"நர்சம்மா, நீ சொன்னா எம் பொண்ணு கேப்பா. வீம்பு புடிக்கிறாம்மா" என்று உட்கார்ந்தாள்.

துரைசாமி மெஸ்ஸோடு அஸ்ஸாம் பக்கம் போயிருந்தான். நீண்ட நாள் கழித்து இப்போது திரும்பியிருக்கிறான். அவன் வருவதற்கு முன்பே பாக்கியம் குழந்தையோடு கோலாருக்கு வந்துவிட்டாளாம். அவன் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

"என்ன சொல்றா?"

"ரயிலை விட்டு எறங்கினவரு நேரா அண்ணன் வீட்டுக்குப் போனாராம். எனக்கு வந்து ஒரு கும்பிடு போடலியாம். எங்கம்மாவ மதிக்காத வீட்டுக்கு நான் எதுக்கு வரணும், வெத்தல பாக்கு வெச்சு அழைக்கட்டும், அப்பறம் பாக்கலாம்கிறா. எனக்கென்னம்மா கோவம்? எனக்கு ஒரு கோவமும் இல்ல! அந்த மனுசன்கூட இருந்து இருந்து அந்த ரோஷம் இவளுக்கும் ஒட்டிக்கிச்சு."

நான் சிரிக்கவில்லை. அடக்கிக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது.

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"என்ன சொல்லுவாங்க? பொண்ணு ரோஷக்காரி, அம்மாவ விட்டுக்குடுக்கல, நல்லதுதான்னு சொல்றாங்க."

"வேற ஏதாவது சொல்லி அனுப்பினாளா?"

"அது ஒண்ணு. ஊசி ரூம மூடிட்டாங்களாமே, இப்ப ரத்தம் எங்க பாக்கறாங்கன்னு நர்சம்மாகிட்ட கேட்டு, அவருகிட்ட சொல்லிடுன்னா. இவ ரத்தந்தான் சரியாயிடுச்சே, அவருகிட்ட எதுக்குச் சொல்லணும்? எனக்கு ஒண்ணும் புரியல. நீ வந்து புத்தி சொல்லு."

"அவ வர்றப்ப வரட்டும். நீங்க அவசரப்படுத்தாதீங்க" என்றேன். "அவர் எங்க?"

"கேட்டாண்டதான் நிக்கறாரு. உள்ள வரக் கூச்சமாம்."

மங்கம்மாவுக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தேன். துரைசாமி இளைத்திருந்தான். சட்டைக் கையில் அதே இஸ்திரி மடிப்பு. என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தான்.

எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எந்த வாசல் என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டான். முடிந்ததும் தயங்கித் தயங்கி, "போறப்ப வெத்தல பாக்கும் வாங்கிக்கிட்டுப் போகணுங்களா, சிஸ்டர்?" என்றான்.

"வாங்கணும்" என்றேன். "முதல்ல ரத்தம். அப்பறம் வெத்தல."